உள்பக்கத் தாழ்ப்பாள்

வெந்நீர்ச் சட்டியின் இரண்டு காதுகளையும் கைத்துண்டால் பிடித்துக்கொண்டு தெல்மா மாடியேறினாள். வீடு முழுக்க வெந்நீர் தரும் பாய்லர் செத்து ஒரு வாரமாகிறது. ஆனாலும் சனிக்கிழமை காலைக் குளியலை அவள் புருஷன் கிளிஃப் விடமாட்டான்.

"முதல்ல ஊத்தினது ஆறியே போச்சு. உன் சமையல் மாதிரியேதான்" என்றான். சட்டியைக் கீழே வைக்க அவள் குனிந்தபோது அதை எட்டி உதைத்தான். தண்ணீர் அவள் வலது பாதத்தில் கொட்டியது. அவள் கத்தவில்லை. கத்தினால் இன்னொன்று விழும் என்பது முப்பது வருஷப் பாடம். கீழே போய்ப் பாதத்தைக் குழாயடியில் காட்டிவிட்டு, அதன்மேல் ஒரு காலுறையை மாட்டிக்கொண்டாள்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்து மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி தூக்கிய கை கிளிஃபுடையது. எதையும் தட்டினால்தான் வேலை செய்யும் என்பது அவன் கட்சி. டிவியைத் தட்டுவான். பாய்லரைத் தட்டுவான். ஒரு கிறிஸ்துமஸுக்கு வறுத்த வாத்து கருகிவிட்டதென்று தெல்மாவின் தோள்பட்டை எலும்பை உடைத்தான். வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் அவள்தான் எல்லாரையும் சிரிக்க வைப்பவள். கோடையிலும் முழுக்கைச் சட்டை போடுவாள். அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தாள். போன வாரம் கிளிஃப் பெரிய ஸ்பேனரால் ஓங்கிப் போட்ட போடில்தான் பாய்லர் மூச்சை விட்டது.

அன்றைக்கே பாய்லர் பொருத்துகிற ஹேடன் வந்து மூடியைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"இதை யாருண்ணே இப்படிப் போட்டு அடிச்சது?"

"இரும்புதானே. அதுக்கு வலிக்குமா?"

"உங்களுக்கு வலிக்கும். இனி புதுசுதான். மாடியில இருக்கற வெந்நீர்த் தொட்டியை அப்படியே வச்சுக்கிட்டா, கூலியோட ரெண்டாயிரத்து நூறு பவுண்டு. தொட்டியே தேவைப்படாத புது ரகம்னா தொட்டியைக் கழட்டணும், குழாயெல்லாம் மாத்தணும். எழுநூறு கூட ஆகும்."

"எழுநூறா? அதுக்கு நான் ஆத்துல போயிக் குளிச்சுக்கறேன்."

"தொட்டி இருக்கட்டும்" என்றாள் தெல்மா. குரல் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. "துண்டு காயப்போட வேணும்."

அந்தத் தொட்டி பின்படுக்கையறையின் ஆள் உயரச் சுவர் அலமாரிக்குள் நின்றது. அதன் சூட்டில் துணி உலரும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஓர் இரவு கிளிஃப் கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியோடு படியேறி வந்தான். பிள்ளையோடு தெல்மா அதற்குள் நுழைந்து, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கி நின்றாள். ஒரு கை வெந்தது, மறு கை விறைத்தது. மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் அடித்தாள். அதற்கப்புறம் எத்தனை இரவுகள். கதவு திறக்காவிட்டால், "சூட்டுல மரம் உப்பிக்குது" என்று மறுநாள் சொல்வாள். தான் சுவர் ஏறிப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டதாகவும் சொல்வாள். அவன் கதவை இரண்டு உதை உதைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான்.

மூவரும் மேலே வந்தார்கள். ஹேடன் அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுச் சிரித்தான்.

"இதென்னக்கா, உள்பக்கமா தாழ்ப்பாள்? துண்டெல்லாம் தானே தாழ் போட்டுக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தையும், ஈரமாகிக்கொண்டிருந்த காலுறையையும் பார்த்தான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

கிளிஃப் தாழ்ப்பாளை விரலால் தள்ளினான். வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப இழுத்தான்.

"எண்ணெய் வேற போட்டிருக்கா" என்றான் மெதுவாக. "புது ரகமே போடு தம்பி."

"எழுநூறு கூடன்னு சொன்னேனே."

"காதுல விழுந்துச்சு. தொட்டி, கதவு, பலகை, ஒண்ணு விடாம எடுத்துரு. திங்கக்கிழமையே வா."

ஒரே தேயிலைப் பையில் இரண்டு கோப்பை டீ போடச் சொல்கிறவன் அவன். இப்போது புன்னகைத்தான்.

வெளியாள் வீட்டில் இருக்கும்வரை அவன் கை நீளாது என்பது தெல்மாவுக்குத் தெரியும். வாசலில் நிற்கிற வேன் கிளம்புகிறவரைதான் அவளுக்கு நேரம்.

"இன்னும் அளவெடுக்கணும். நேரமாகும்" என்றான் ஹேடன். அளவு நாடாவின் முனையை கிளிஃபின் கையில் கொடுத்தான். "இதைச் சுவத்துல அழுத்திப் பிடிங்கண்ணே. ரெண்டு கையாலயும். விட்டா முதல்லேர்ந்து எடுக்கணும்." சொல்லிவிட்டு அறையின் மறுகோடிக்கு நாடாவை இழுத்துக்கொண்டு போனான். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

தெல்மா அலமாரியில் தொங்கிய தன் கோட்டை எடுத்தாள். தொட்டி ஆறி ஒரு வாரம். நாடாவுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

"எங்கடி போற?" என்றான் கிளிஃப், நாடாவை விடாமல்.

கோட்டின் ஒரு கையை மாட்டினாள். வெந்த கால் தரையில் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தெல்மா. உன்னத்தான் கேக்கறேன்."

மறுகையையும் மாட்டிக்கொண்டு படியிறங்கி, வாசல் கதவைத் திறந்து வெளியே போனாள்.