பெரிய வகுப்புக்கு மாறியது

தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரைக்கும் போனேன். நாலாவதில் இரண்டு முறை தேறவில்லை. மூன்றாம் முறை அவர்களும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் ஊர் காஜா பேராங்கில் ஜப்பான் மொழி வகுப்பு திறந்தார்கள். அதிலும் நான் கடைசி. டவுனில் இன்னொரு வகுப்பு, பெரிய வகுப்பு. அதில் சேர்ந்தவனுக்கு முத்திரை வைத்த அட்டை கொடுப்பார்கள். அட்டை இருந்தால் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போகமாட்டார்கள். போனவர்கள் யாரும் அதுவரை திரும்பவில்லை. எனக்குப் படிப்பு வேண்டாம், அட்டை வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்தவன் எங்கள் வகுப்பில் முதல். அவனையும் கூப்பிட்டேன்.

"இத முடிச்சி சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரேன்யா. ஆறு வாரந்தானே."

எனக்கு அறுபது வாரமானாலும் முடியாது. அதனால் முன்பே கிளம்பினேன்.

அக்கா சிரித்தாள். "நாலாவதையே தாண்டல. ஒனக்குப் பெரிய வகுப்பு கேக்குதாடா?" சட்டையை மட்டும் துவைத்துக் கொடுத்தாள்.

பெரிய வகுப்பில் சேரப் போனபோது ஜப்பான் வாத்தியார் கரும்பலகையில் ஓர் எழுத்தை எழுதி என்னவென்று கேட்டார். எனக்குத் தனி எழுத்து வராது. சுவரில் எழுத்து வரிசை தொங்கியது. அதில் அந்த உருவத்தைத் தேடிப் பிடித்தேன். கையைக் கட்டி, உடம்பை ஆட்டி, வாய்ப்பாடு சொல்லும் ராகத்தில் முதல் எழுத்திலிருந்து கத்திக்கொண்டே வந்து அதில் நின்றேன். அடுத்த எழுத்துக்கும் அப்படித்தான். மூன்றாவதற்குள் வெளியே நின்ற காவல்காரன் எட்டிப் பார்த்தான்.

மொழிபெயர்த்துச் சொல்ல ஆபீஸ் கணக்கெழுதும் ஒரு தமிழ்க் கிராணி இருந்தார். "எழுத்துல ஒனக்கு சைபர் போட்டிருக்கார் தம்பி."

"சரிங்க," என்று திரும்பினேன்.

"நில்லுய்யா. காலையில தேகப்பயிற்சிக்கு எண்ணிக்கை சொல்ல ஆள் இல்லயாம். நீ கத்துனா திடல் முழுக்கக் கேக்குங்கிறார்."

சேர்த்துக்கொண்டார்கள், அட்டையும் கொடுத்தார்கள். காலையில் இச்சி, நி, சான் என்று கத்துவேன். படித்தவர்கள் எல்லாரும் குனிந்து நிமிர்வார்கள். பிறகு வகுப்பில் ஒன்றும் புரியாமல் தலையாட்டுவேன்.

ஒரு நாள் காஜா பேராங்கில் ஆள் பிடிக்கும் லாரி வந்தது. அட்டையைக் காட்டினேன், விட்டார்கள். சர்ட்டிபிகேட்டுக்கு இரண்டு வாரம் இருந்தவனை ஏற்றினார்கள். லாரியிலிருந்து நோட்டை என்னிடம் நீட்டினான்.

"வாத்தியாருகிட்ட குடுத்துருய்யா. இன்னிக்குத் திருத்தணும்."

கொடுத்தேன். திருத்தியதை அவன் அம்மாவிடம் கொண்டுபோனேன். எத்தனை மார்க்கு என்று கேட்டார். நூறு என்றேன். நூறு மார்க்கு என்று ஒரு வீட்டு வாசலில் நின்று என் வாழ்நாளில் நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.