சின்ன மாப்பிள்ளையின் பிரேக்

போன வாரம் காரவள்ளியில், கொல்லிமலை ஏற்றம் தொடங்குகிற இடத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. முன் சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை. கூடவே அந்த வாசனை, அடிப்பிடித்த பருப்பில் இரும்பைப் போட்டு வறுத்தது மாதிரி. ஓட்டி வந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்துக்குப் போனார். நான் பெஞ்சிலிருந்தே கத்தினேன்.

"ஊத்தாதீங்க! டிஸ்க் கோணிக்கும்!"

அவர் என்னை மெக்கானிக் என்று நினைத்திருப்பார். நான் கோழித் தீவனக் கம்பெனியில் காலம் தள்ளியவன். பிரேக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பொறாமையில் கற்றுக்கொண்டது.

பொறாமை என் சகலை மேல். குணசேகரன் என் மனைவி கமலாவின் தங்கையைக் கட்டியவன், ஜலகண்டாபுரத்தில் தறி போட்டிருந்தான். மாமனார் வீடு மோகனூர். அவருக்குக் கரும்புத் தோட்டம், இரண்டு பெண்கள், இரண்டு மருமகன்கள். நான் பெரிய மாப்பிள்ளை. குணா வரும்வரை நான் ஒரே மாப்பிள்ளையாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மூன்று வருஷம் கோழிக்காலில் பெரிய துண்டு எனக்குத்தான் வந்தது.

நான் ஒரு பழைய கார் வாங்கினேன். கம்பெனி அந்த மாடலைச் செய்வதையே நிறுத்திவிட்டிருந்தது, அதனால் மலிவாகக் கிடைத்தது. அடுத்த ஆறு மாதத்தில் குணாவும் அதே மாடலை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "அண்ணன் வெச்சிருக்கறதே போதும்னு வாங்கிட்டனுங்க" என்றான். அது மரியாதை என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு அது போட்டியாகத்தான் பட்டது.

அந்த மாடலுக்கு அலாய் வீல். கம்பிகளின் இடைவெளி வழியாக உள்ளே டிஸ்க் தெரியும். பிரேக் மிதித்தால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற இரும்புத் தட்டு. ஞாயிறுதோறும் எல்லோரும் மோகனூரில் கூடுவோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை குணாவின் காரில் அந்தத் தட்டு பளபளவென்று இருந்தது. அதில் வரிசையாகப் பொடி ஓட்டைகள், கோலம் போட்டதுபோல. கோயம்புத்தூரில் இதே மாடலில் ரேஸ் ஓட்டுகிற ஒரு நண்பர் தன் வண்டியை விற்றபோது இவனுக்குக் கழற்றிக் கொடுத்தாராம். சூடு சீக்கிரம் வெளியேறும், எந்த வேகத்திலும் பிடிக்கும் என்றான்.

மாமனார் அவன் காரில் பரமத்தி வரை போய்விட்டு வந்தார். வாசலில் இறங்கி, மாட்டைத் தட்டுவதுபோல காரின் முதுகைத் தட்டினார்.

"சின்ன மாப்ள வண்டி சொன்ன எடத்துல நிக்குதுங்க. பெரிய மாப்ள வண்டி நிக்கலாமா வேண்டாமான்னு கொஞ்சம் யோசன பண்ணும்."

எல்லோரும் சிரித்தார்கள், கமலா உட்பட. அவள் சிரித்ததை நான் வெகுநாள் மறக்கவில்லை.

அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. என் காரில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். நாமக்கல் மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றிக் காட்டினார். "இனி லேத்துல புடிச்சுச் சீவ முடியாதுங்க. அப்பளமாட்டம் ஆயிப்போச்சு. சாதா டிஸ்க்கு டெல்லியிலிருந்து வருது, வாங்கிப் போடுங்க, போதும்."

எனக்குப் போதவில்லை. ஓட்டை போட்டதுதான் வேண்டும். சேலத்தில் ஸ்பேர் கடை ஸ்பேர் கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் வரவழைத்துத் தருவதாகச் சொல்லி விலையைச் சொன்னார்கள்; என் காரை விற்றால் ஒரு பக்கத்து டிஸ்க் வாங்கலாம். அயோத்தியாப்பட்டணம் தாண்டி வண்டி உடைக்கிற ஒரு இடத்தில் எங்கள் மாடல் ஒன்று நசுங்கிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுப் போனேன். டிஸ்க்கைத் துரு தின்றிருந்தது. "இந்த வண்டியை இன்னும் ஓட்டறீங்களா சார்?" என்று அந்த ஆள் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

கடைசியில் டெல்லிச் சரக்கையே ஒரு ஜோடி வாங்கினேன். வாங்கியவன் நேராக மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். நான் போனது திருச்செங்கோட்டுக்கு. அந்த ஊரில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு வேலை செய்கிற பட்டறைகள் உண்டு. அதில் ஒரு லேத்காரர் முன்னால் இரண்டு டிஸ்க்கையும் வைத்து, இதில் ஓட்டை போட வேண்டும் என்றேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, நல்லா இருக்கறதுல எதுக்குங்க ஓட்டை?"

"சூடு போறதுக்குங்க."

"ஓட்டை போடறது எங்க தொழிலுதானுங்க. ஆனா இது வண்டியப் புடிக்கற சாமானாச்சே. வார்க்கும்போதே அதுக்குத் தக்கன வார்த்திருப்பாங்க. இது அப்படித் தெரியலைங்களே."

"நீங்க போடுங்க" என்றேன்.

போட்டார். வரிசை பிசகாமல், அழகாகத்தான் போட்டார். மாட்டிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏழு மணிக்கே குளித்துக் கிளம்பி நின்றேன். "ஏனுங்க, எங்கம்மா ஊட்டுக்குப் போறதுக்கு நீங்க இத்தன அவசரப்பட்டு நான் பாத்ததில்லையே" என்றாள் கமலா. மாமனார் இரண்டு கார்களின் சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது" என்றார். எனக்கு அது போதும். குணா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். வயிறு எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வேண்டுதலுக்காகக் குடும்பத்தோடு கொல்லிமலைக் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. காலையில் மோகனூரில் கூடினோம். பெண்கள் புளிச்சோற்றை இலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. அவள் ஏற்கெனவே என் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். நான் காரை வாசலில் திருப்பி நிறுத்தியபோது முன்பக்கம் 'டிக் டிக்' என்றது. குணா வந்து சக்கரத்தருகே உட்கார்ந்தான். கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு நகத்தால் தடவினான். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"அண்ணா, இது எங்க வாங்குனீங்க?"

"சேலத்துல."

"ஓட்டைக்கு ஓட்டை விரிசல் ஓடியிருக்குதுங்க அண்ணா. மல எறங்கறப்ப ரெண்டா வந்துரும்."

குனிந்து பார்த்தேன். தலைமுடி அளவுதான். ஆனால் ஒரு ஓட்டையிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று போயிருந்தது. காருக்குள் குழந்தை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

நான் வாய் திறப்பதற்குள் குணா எழுந்து வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "மாமா, என் வண்டியில கிளட்ச்சு ஒரு மாதிரி இருக்குதுங்க. இன்னைக்கு மல வேண்டாமுங்க."

மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்தே பாத்து வெச்சிருக்க வேண்டாமுங்களா? சரி உடுங்க. பெரிய மாப்ள வண்டி நல்லாத்தான இருக்குது. அதுல நெருக்கி உக்காந்து போயிட்டு வந்துரலாம்."

அவர் என் காரை நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷத்தில் பாதிகூட இருக்காது, நான் பேசாமல் நின்றேன். இவ்வளவு வருஷம் கழித்து எதற்கு மறைக்க வேண்டும்? அந்த அரை நிமிஷம் எனக்கு இனித்தது. குணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் குற்றம் சொல்கிற பார்வை இல்லை. பயம் மட்டும் இருந்தது, நான் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று.

"வேண்டாங்க மாமா. கெட்டது என் வண்டிதானுங்க. டிஸ்க்குல நானே ஓட்டை போட்டேன். ஒடைஞ்சிருக்குது."

கமலா உள்ளேயிருந்து வேகமாக வந்து குழந்தையைக் காரிலிருந்து தூக்கிக்கொண்டாள். புளிச்சோற்றை மாமனார் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

மறுநாள் குணா ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு பழைய லுங்கியில் சுற்றி எதையோ கொண்டுவந்தான். ரேஸ் டிஸ்க் மாட்டியபோது தன் காரிலிருந்து கழற்றிய ஒரிஜினல் ஜோடி. எண்ணெய் தடவி வைத்திருந்தான். நல்ல கனம் இருந்தது.

"தறிக்கு அடியில சும்மாதான் கெடந்துச்சுங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே அண்ணா."

கேட்டிருக்கலாம். அவனிடம் கேட்க வேண்டியிருந்ததே, அதனால்தான் மூன்று மாதம் சேலமெல்லாம் அலைந்தேன். அவனே ஜாக்கி வைத்து மாட்டிக் கொடுத்தான். கார் ஆடாமல், சத்தமில்லாமல், சொன்ன இடத்தில் நின்றது. நன்றி சொன்னேன். அன்றைக்குத்தான் அவன் மேல் பொறாமை உச்சத்துக்குப் போனது. டிஸ்க்கைக்கூட நான் எங்காவது தேடிப் பிடித்திருப்பேன். எனக்காகக் கிளட்ச் கெட்டுவிட்டது என்று அத்தனை பேர் முன்னால் சட்டென்று பொய் சொன்னானே, அது எனக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

மாமனார் போய்ச் சேர்ந்தார். பிறகு மாமியாரும். தோட்டத்தையும் வீட்டையும் விற்றாயிற்று. அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். குணா தறிகளைக் கொடுத்துவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போனான். பண்டிகைக்கு அவனிடமிருந்து போனில் ஒரு பூப்படம் வரும், நானும் ஒன்று அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒரு நாள் எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். பெரிய கார், புதுசு. கிளம்பும்போது அதன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். வயிற்றில் பழைய எரிச்சல் வருமென்று கொஞ்ச நேரம் எதிர்பார்த்தேன். வரவில்லை. அவனும் என்னை அண்ணா என்று கூப்பிடாமல், "சரிங்க, பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.