மூன்றாம் முறை கேட்காத ஊர்

ஜேர்மனியின் எசன் நகரத்தில் ட்ராம் ஓட்டுகிற ஜெயமலர் யாருக்கும் பயந்தவள் அல்ல. தண்டவாளத்தில் காரை நிறுத்திவிட்டுப் பேக்கரியில் பாண் வாங்கப் போனவனை, மணி அடித்து அடித்தே கடைக்குள்ளிருந்து வெளியே வரவைத்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்து நான்கு வயதாகியும் ஒரு சொல் மட்டும் வாயில் வந்ததில்லை. "எனக்கு வேணும்" என்பதுதான் அந்தச் சொல்.

கலியாண வீட்டில் "இன்னொரு வடை?" என்று யாராவது கேட்டால், உடனே கையால் இலையை மறைப்பாள். ஆனால் வடை விழுவதற்கு விரல்களுக்கிடையில் இடம் விட்டுத்தான் மறைப்பாள். பரிமாறுகிறவருக்கும் அது தெரியும். முதல் முறை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் முறை வேண்டாம் என்பது நல்ல வளர்ப்பு. மூன்றாம் முறை, "நீங்கள் இவ்வளவு சொல்லுறபடியால்" என்று வாங்கிக்கொள்ளலாம், குற்றமில்லை.

இந்த ஜெயமலரைத்தான் விதி தூக்கிக்கொண்டுபோய் ஜேர்மன் அரசாங்கத்தின் வெளிநாட்டுக் கொள்கைக்குள் போட்டது.

பசிபிக் கடலில் இருக்கிற சின்னத் தீவு நாடுகளோடு ஜேர்மனி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சாதாரண சனங்களிடமே கேட்டுப் பார்க்க அரசாங்கத்துக்கு ஓர் எண்ணம் வந்தது. அதற்கென்று ஓர் ஆலோசனைக் குழு அமைத்து, சீட்டுக் குலுக்கி ஆட்களை எடுத்தார்கள். ஜெயமலரின் பெயரும் விழுந்தது.

அவளுடைய கணவர் ஸ்ரீதரன் சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த தேத்தண்ணி மேசைக்கு வந்தது.

"பக்கத்து வீட்டு ஹைன்ஸோட வேலி மரத்துக்குச் சண்டை பிடிக்கிற நீ, பசிபிக்காரரோட அயலட்டை கொண்டாடப் போறியோ?"

"பசிபிக்காரர் என்ர முற்றத்து வெயிலை மறைக்கேல்லையப்பா."

சனிக்கிழமைகளில் பக்கத்து நகரமான டோர்ட்மண்டில் ஒரு மண்டபத்தில் குழு கூடியது. முதல் கூட்டத்தில் அவள் வாயே திறக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில், எந்தத் தீவுக்கு எந்த உதவி என்று எல்லோரும் வரைபடத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்தவள். தீவில் ஒருநாளும் இருந்திராதவர்கள் தீவுக்குப் படகு விடும் நேரத்தைத் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அட்டவணை போடுகிறவர்கள் ஒருநாளும் ட்ராம் தரிப்பிடத்தில் மழையில் நிற்பதில்லை," என்றாள் ஜேர்மன் மொழியில். "தீவுக்காரரைப் பற்றி முடிவெடுக்கிற மேசையில், முடிவெடுக்க முன்னர் அவர்களுக்கு ஒரு கதிரை போடுங்கள்."

அவள் சொன்னது முழுவதையும் குழு அப்படியே தன் அறிக்கையின் முதல் வரியாக்கியது. அன்றைக்கே ஜெயமலரின் நெஞ்சில் ஓர் ஆசை முளைத்தது. அறிக்கையைக் குழுவின் சார்பில் ஒருவர் பேர்லினில், அமைச்சு அதிகாரிகள் முன்னால் வாசிக்க வேண்டும். என் வசனத்தை என் வாயாலேயே சொல்ல வேண்டும், பச்சைப் பட்டுச் சேலையோடு. ஆசையை அவள் சொன்னது சிநேகிதி சுபானியிடம் மட்டும்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்த நாளும் வந்தது. கூட்டத்தை நடத்துகிற பிராவ் ஹோல்ட்காம்ப் புன்னகையோடு அவளைப் பார்த்தார். அங்கே திருமதிக்கு பிராவ், திருவுக்கு ஹெர்.

"பிராவ் ஸ்ரீதரன், முதல் வரி உங்களுடையது. பேர்லினில் நீங்கள் பேசுகிறீர்களா?"

ஜெயமலரின் இதயம் பூரித்தது. கண்கள் கலங்கின. வாய் மட்டும் தன் பழைய பாதையில் போனது.

"ஐயோ, நானோ? வேண்டாம், வேண்டாம். நல்லாப் பேசத் தெரிந்த வேறு யாரையாவது பாருங்கள்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து இரண்டாம் முறைக்காகக் காத்திருந்தாள்.

"சரி, பரவாயில்லை," என்றார் பிராவ் ஹோல்ட்காம்ப். "வேறு யார்?"

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹெர் வெஸ்ட்ஹோஃப் கை உயர்த்தினார். "எனக்கு விருப்பம்." எல்லோரும் சம்மதத்துக்கு மேசையைத் தட்டினார்கள். ட்ராம் கதவு மூடுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. தரிப்பிடத்தில் நின்றது ஜெயமலர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் விழுந்தாள்.

"ஒருக்காக்கூடத் திருப்பிக் கேக்கேல்லை, மிதுசா. கல்நெஞ்சக்காரர்."

மகள் மிதுசா எசனிலேயே பிறந்து வளர்ந்தவள். "அம்மா, நீங்கள் நைன், வேண்டாம் எண்டு சொன்னால் அவை நைன் எண்டுதான் எடுப்பினம். அதுதான் அவையின்ர மரியாதை."

"உன்ர அம்மாவின்ர பழக்கம் அப்பிடி," என்றார் ஸ்ரீதரன். "நான் பொம்பிளை பாக்க வந்த நேரமும் வேண்டாம் எண்டுதான் சொன்னவ. பிறகு சம்மதிக்கேல்லையோ?"

"அது உண்மையாவே வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."

ஸ்ரீதரன் எழும்பிப்போய் இன்னொரு தேத்தண்ணி ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. சுபானி. "அக்கா, பேர்லினுக்குப் போற அண்டைக்கு உங்கட பேரில அர்ச்சனைக்குச் சொல்லிப்போட்டன். ஐயர் வெளிநாட்டு அலுவலுக்கெண்டு விசேஷமாச் செய்யிறாராம்."

ஜெயமலர் அன்று தலையணை நனைய அழுதாள். அவள் வசனத்தை ஹெர் வெஸ்ட்ஹோஃப் வாசிக்க, அவள் பெயருக்கு ஐயர் தீபம் காட்டப் போகிறார்.

அடுத்த சனிக்கிழமைதான் கடைசிக் கூட்டம். அறிக்கையைக் கேட்டுக் கருத்துச் சொல்ல ஒரு விருந்தாளி வந்திருந்தாள். பெயர் சீனா. பசிபிக்கின் சமோவாத் தீவில் பிறந்து, எசனில் தாதியாக வேலை செய்கிறவள். துக்கத்திலும் கடமை தவறாத ஜெயமலர் ஒரு பெட்டி மீன் கட்லட் கொண்டுவந்திருந்தாள்.

"நன்றி, வேண்டாம்," என்றாள் சீனா.

ஆகா, நம்மைப் போல வளர்ப்பு, என்று ஜெயமலர் மனம் குளிர்ந்து இரண்டாம் முறை நீட்டினாள். சீனா சிரித்துக்கொண்டு தலையசைத்து மறுத்தாள். மூன்றாம் முறை, பேச்சில்லாமல் கட்லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

சீனா கட்லட்டைத் திருப்பிப் பெட்டியில் வைத்தாள். "எங்களிடமும் இப்படி வற்புறுத்துகிற மாமிமார் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. இதைச் சாப்பிட்டால் நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரி வாட்டிலேயே என்னைப் படுக்கவைப்பார்கள்."

மண்டபமே சிரித்தது. பிறகு சீனா அறிக்கையைக் கையில் எடுத்தாள். "இதற்கும் அதுதான் என் கருத்து. முதல் வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அதோடு இதையும் சேருங்கள். நாங்கள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். வேணும் என்றால் வாய் திறந்து கேட்போம். எங்கள் மனதில் என்ன இருக்கும் என்று ஊகித்து எதையும் அனுப்பாதீர்கள்."

ஜெயமலர் கட்லட் பெட்டியை மூடினாள். இவ்வளவு காலமும் தான் வேண்டாம் என்றதைக் கேட்டவர்கள் எல்லோரும் தன் மனதை ஊகிக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஊகிக்காதவர்களைக் கல்நெஞ்சக்காரர் என்றாள். இன்றைக்கு விட்டால் இனி இல்லை. பெட்டியை வைத்துவிட்டு எழும்பினாள்.

"எனக்கு வேணும்," என்றாள்.

"கட்லட்டா?" என்றார் பிராவ் ஹோல்ட்காம்ப்.

"பேர்லின். என் வசனத்தை நானே வாசிக்க வேணும்."

ஹெர் வெஸ்ட்ஹோஃப் கண்ணாடியைக் கழற்றினார். "போன கிழமை வேண்டாம் என்றீர்களே."

"போன கிழமை பொய் சொன்னேன். எங்களுக்குள் அதற்குப் பணிவு என்று பெயர்."

ஹெர் வெஸ்ட்ஹோஃப் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கும் ஆசை இருந்தது. மனைவி புதுக் கழுத்துப்பட்டிகூட வாங்கிக் கொடுத்திருந்தாள். "உண்மையாகவே வேணுமா?" என்று கேட்டார்.

"ஓம்."

"உண்மையாகவா?"

"ஓம்."

"மூன்றாம் முறையும் கேட்கிறேன், பிராவ் ஸ்ரீதரன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"ஓம், ஓம்," என்றாள் ஜெயமலர். ஆமாம் என்பதற்கு ஜேர்மன் சொல் எங்கோ ஓடிப்போய், தமிழ் ஓம்தான் வாயில் வருகிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் மண்டபம் விளங்கிக்கொண்டு மேசையைத் தட்டியது.

பேர்லினில் பச்சைப் பட்டுச் சேலை சரசரக்க அவள் முதல் வரியை வாசித்தாள். மழையில் தரிப்பிடம் என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சீனாவின் வரி வரைக்கும் வாசித்து முடித்தாள். முடிந்ததும் ஓர் உயர் அதிகாரி அருகில் வந்தார்.

"இந்தக் குழு அடுத்த வருடமும் தொடரும். நீங்கள் வருவீர்களா?"

சந்தோஷத்தில் ஜெயமலர் நம் ஊர்ச் சம்மதத்தில் தலையை இரு பக்கமும் ஆட்டினாள். ஜேர்மன் கண்ணுக்கு அது மறுப்பு.

"அப்படியா? வருத்தம்தான்," என்று அதிகாரி திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அமைச்சின் வாசலில் காவலுக்கு நின்றவர் அன்று ஒரு காட்சி கண்டார். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா ஓர் அதிகாரியைத் துரத்திப் போய், தண்டவாளத்துக் காரை மறிப்பதுபோல முன்னால் நின்று, எனக்கு வேணும், எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கப் பழகிவிட்ட வாய் பிறகு நிற்கவே இல்லை.