கை நின்ற முப்பத்தைந்து இடங்கள்

அவளும் அவளுடைய அக்காள் புருஷனும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தார்கள், கீரியையும் பாம்பையும் ஒரே கூடையில் போட்டு மூடினாற்போல. அக்காளைக் கட்டுவதற்கு முன்பிருந்தே அவர் அவளுக்கு அத்தான்தான். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி மகன். பார்வையில்லாதவர்களுக்குப் பாடப் புத்தகம் போடும் அச்சகம் அது. சாதாரண எழுத்தை பிரெயில் புள்ளியாக மாற்றும் மென்பொருளை எழுதியவர் அத்தான். அடித்து வரும் தாளைத் தடவிப் பிழை பார்க்கிறவள் இவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. எல்லாரும் அவளை விரல்காரி என்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தானின் மென்பொருளில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, மேலாளர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். வீட்டு ஆம்பளையைச் சபையில் மட்டம் தட்டிவிட்டாள் என்று அன்றோடு அக்காளும் பேச்சை நிறுத்தினாள்.

அந்த மென்பொருளுக்கு அத்தான் ஒரு வழிகாட்டிப் புத்தகமும் எழுதியிருந்தார். எழுபது பக்கம். அதைப் படித்து வேலை கற்க வந்தவர்களில் நாலு பேர் ஒரே வருஷத்தில் ஓடிப்போனார்கள். ஐந்தாவதாக ஒரு தட்டச்சுக்காரி வந்தாள். தாளில் வரிக்கு முப்பது புள்ளிக் கட்டம்தான் கொள்ளும், மென்பொருளோ நாற்பதில் நின்றது. அதை மாற்றாமல் சரித்திரப் புத்தகம் முழுவதையும் அடித்துத் தள்ளிவிட்டாள். விரல்காரி தடவினால் வரி ஓரத்தில் ஒவ்வொரு ராஜாவுக்கும் வால் அறுந்திருந்தது.

எங்கே மாற்றுவது என்று புத்தகத்தில் இருக்கிறதா? இருக்கிறது. "படம் பதினொன்றைப் பார்க்கவும்." விரல்காரி தன் கணினியில் திறந்து கேட்டாள். திரையைப் படித்துச் சொல்லும் குரல் "படம்" என்றது, வாயை மூடிக்கொண்டது. பார்வையில்லாதவர்களுக்கு வேலை செய்யும் இடத்தில், பார்வையில்லாதவள் படிக்க முடியாத புத்தகம்.

மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தத் தட்டச்சுக்காரியும் ஓடிப்போனால் பிரிவையே மூடி வேலையை வெளியே கொடுத்துவிடுவேன். மூடினால் அத்தானுக்கு ஆயிரம் இடம் உண்டு. விரல்காரிக்கு எந்த இடம்?

அவள் தட்டச்சுக்காரியைத் தன் கணினியில் உட்கார வைத்துப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். மடியில் பிரெயில் சிலேட்டு, கையில் குத்தூசி. விசைச் சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கே என்ன புரியவில்லை என்று கேட்டுச் சிலேட்டில் குத்திக்கொண்டாள். பத்து நாளில் முப்பத்துநாலு இடம். ஒவ்வொன்றுக்கும் எந்த விசையை அழுத்த வேண்டும், அடுத்து என்ன நடக்கும் என்று கணினியில் அடித்து எழுதினாள். பதினாறே பக்கம்.

அத்தான் அதைப் புரட்டிவிட்டு, இது புத்தகமா சமையல் குறிப்பா என்றார். மேலாளர் இருவருக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னார்: மென்பொருளைத் தொடாத யாராவது இரண்டையும் வைத்து புத்தகத்துக்கொரு பக்கம் அடித்துப் பார்க்கட்டும், எதில் தாள் வருகிறதோ அது இருக்கும். ஆளைத் தானே கொண்டு வருவதாக அத்தான் முந்திக்கொண்டார்.

"என் வீட்டுக்காரியக் கூட்டிட்டு வர்றேன். டிவி ரிமோட்டே அவளுக்குத் தகராறு. அவளுக்கே உன் புத்தகம் ஏறுச்சுன்னா நான் வாயத் தொறக்கல."

அக்காள் வந்தாள். தங்கை இருந்த பக்கம் திரும்பவில்லை. முதலில் புருஷன் புத்தகம். மூன்றாம் பக்கத்தில் படம் பதினொன்று. அவர் போட்ட சிவப்பு வட்டம் நகலெடுத்ததில் கறுத்து, கறுப்போடு கறுப்பாகிவிட்டது. கண் இருக்கில்ல, பாரு என்று பல்லைக் கடித்தார் அவர். அக்காள் விசையை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து தங்கை எழுதியது. விசைச் சத்தம் மெதுவாக, நிற்காமல் போனது. முப்பதுக்கு மாற்றினாள், புள்ளியாக்கினாள், அச்சுக்கு அனுப்பினாள். கடைசி வரியில் சத்தம் நின்றது.

விரல்காரி நாற்காலியை முன்னால் நகர்த்தினாள். "ஏன் நிறுத்திட்டே?"

"குரல் சொல்றதைச் செய்யுன்னு எழுதியிருக்கே. எந்தக் குரலு?"

அந்தக் கணினியில் குரல் கிடையாது, திரையில் ஒரு மஞ்சள் பெட்டிதான் வந்து நின்றது. தனக்குக் கேட்பது எல்லாருக்கும் கேட்கும் என்று நினைத்து விரல்காரி எழுதிவிட்டாள். தட்டச்சுக்காரியைத் தன் கணினியிலேயே உட்கார வைத்ததால் இது தெரியாமலே போயிற்று.

அத்தான் சிரித்தார். "குருடி குருடிக்கு எழுதின புத்தகம். மூடுங்க சார் கடைய."

அக்காள் திரும்பாமலே பேசினாள். "உங்க புத்தகத்துல மூணாம் பக்கத்திலயே முழி பிதுங்கிச்சு. இதுல கடைசி வரி வரைக்கும் வந்துட்டேன். பெட்டியில 'தாள் வைக்கவும்'னு போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

தாளை வைத்தாள். எந்திரம் படபடவென்று அடித்துத் துப்பியது. விரல்காரி ஒவ்வொரு வரியாக ஓரம் வரை தடவினாள். ஒன்றுக்கும் வால் அறுந்திருக்கவில்லை. மேலாளர் எழுபது பக்கப் புத்தகத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார்.

அத்தான் சொன்ன வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை, அடுத்த வருஷமும் இல்லை.

அன்று அக்காள் போகும்போது தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நொடி நின்றாள்.

"உனக்குப் பரிஞ்சு பேசினேன்னு நெனச்சுக்காத. அந்தாளு எனக்கு ரிமோட்டே தகராறுன்னு சொன்னாராம், அதுக்குப் பேசினேன். மஞ்சப் பெட்டிய எழுதிக்கோ."

செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை விரல்காரி காத்திருந்தாள். பிறகு சிலேட்டை மடியில் வைத்து முப்பத்தைந்தாவது இடத்தைக் குத்தினாள்.