அக்கா பார்த்து வைத்த வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதல் பக்கத்தில், அக்கா ‘தமது இல்லத்தில் சிவபதம் அடைந்தார்’ என்று படித்திருப்பார்கள். இறுதிச் சடங்குக்கு ஆற்றங்கரை வீட்டுக்கு வந்தவர்கள், ‘யாருடைய இல்லம்?’ என்று கேட்கலாம். கேட்பது நியாயம். பதில் சொல்ல வேண்டியவன் தம்பியாகிய நான்.

அக்கா நாகப்பட்டினத்துக்கு அருகே பிறந்தார். கல்யாணமானதும் மலாயாவில் தெலுக் ஆன்சனில் கப்பலிறங்கி, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அத்தானோடு குடித்தனம் நடத்தினார். அத்தான் காய்ச்சலில் போனதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் புதுக் கிராணியின் பெட்டிகளுக்கு நடுவே நடந்தது. அதை அக்கா ஒருநாளும் மறக்கவில்லை. பிறகு ஈப்போவில் என் வாடகை வீட்டுக்கு வந்து, தாயில்லாத என் பிள்ளைகளை வளர்த்தார். பதிலுக்குக் கேட்டது ஒன்றே.

“வாழுறதுக்கு எந்த வீடா இருந்தா என்ன தம்பி? என்னைத் தூக்குறப்ப மட்டும், சீக்கிரம் ஆகட்டும்னு ஒருத்தன் வாசல்ல நிக்கக் கூடாது.”

நான் லேண்ட் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு வீடு கைமாற என்னென்ன வேண்டும் என்பதைத் தூக்கத்திலும் சொல்வேன். அக்கா முதலில் பார்த்த வீட்டுக்குக் குத்தகைக் காலம் குறைவு என்றேன். அடுத்ததற்கு ஈயம் தோண்டும் இடம் மிக அருகில் என்றேன். மூன்றாவது, ஆற்றங்கரைப் பலகை வீடு. அதன் எல்லைக்கல் ஒன்று பெயர்ந்து பக்கத்துச் சாக்கடையில் கிடந்தது.

“எடுத்து நட்டாப் போச்சு.”

“சர்வேயர் வந்து நடணும்க்கா. நாம தொட்டாக் குத்தம்.”

“அப்பச் சர்வேயரக் கூப்பிடேன்.”

கூப்பிடவில்லை. ரப்பர் விலை விழுந்திருந்தது. வீட்டு விலையும் இன்னும் இறங்கும் என்று கணக்குப் போட்டேன். பென்ஷனோடு ஊர் திரும்பப் போகிறவர்களுக்கு வாடகையே புத்திசாலித்தனம் என்றும் விளக்கினேன். ஊருக்கும் போகவில்லை. அந்த வீட்டைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் ஒருவர் வாங்கினார். கல் இன்றும் சாக்கடையில்தான் கிடக்கிறது. வீடு நன்றாகவே நிற்கிறது. அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே சென்று, டிரஸ்ஸரின் மனைவியிடம் எந்த அறையில் வெளிச்சம் நன்றாக வருகிறது என்று பேசிவிட்டு வருவார்.

சென்ற ஆண்டு அக்கா நெஞ்சு வலியில் படுத்தார். வைத்தியர் கைவிரித்தார். செய்தி கேட்டு வீட்டுக்காரர் வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் இருந்த வீட்டின் மேல்மாடியில் தங்க ஏற்பாடாகியிருந்தது.

“தப்பா நெனைக்காதீங்க. அம்மாவை வேற எங்கயாச்சும்…”

வாடகைச் சீட்டை எடுத்து விதிகளைச் சொன்னேன். அதை எழுதியவனே நான்.

“சட்டம் உங்க பக்கம்தாங்க, நான் இல்லேங்கல. சம்பந்திகிட்ட வந்து நீங்களே இதப் படிச்சுக் காட்டுறீங்களா?”

அன்று மாலையே, விஷயம் கேள்விப்பட்டு, டிரஸ்ஸரின் மனைவி மாட்டு வண்டியோடு வந்து நின்றார். அவர்கள் கிறிஸ்தவர்கள். உங்கள் வீட்டில் எங்கள் சடங்கு எப்படி என்று இழுத்தேன்.

“அக்கா பாத்து வச்ச வீடுதானே அண்ணே. அக்கா வரட்டும்.”

வெளிச்சம் வரும் அறையில் கிடத்தினோம். மறுநாள் காலை அக்கா கண் திறந்து கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எழுதி வாங்கிட்டியா?”

எத்தனையோ பத்திரங்களைச் சரிபார்த்தவன் நான். டிரஸ்ஸரின் மனைவிதான், “ஆச்சுக்கா, உங்க வீடுதான்,” என்றார்.

“கல்லு?”

“நட்டாச்சுக்கா,” என்றேன்.

உச்சி வேளைக்குள் அக்கா போய்விட்டார். வாசலில் அவசரப்படுத்த யாரும் நிற்கவில்லை.

தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், மழையில் பந்தல் போட்ட நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சிலுவை தொங்கிய சுவருக்குக் கீழே எங்கள் விளக்கை எரியவிட்டு, காரியம் முடியும்வரை கூடத்தை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்துச் சமையலறையில் படுத்துக்கொண்ட டிரஸ்ஸர் தம்பதியருக்கு நன்றி சொல்ல எனக்கு முகமில்லை, ஆகவே எழுதுகிறேன்.

‘தமது இல்லத்தில்’ என்பது அச்சகத்தார் வழக்கமாகக் கோர்க்கும் வரி. அச்சுப்படியில் அதை அடித்துவிடப் பேனாவைத் திறந்தேன். எதிரே டிரஸ்ஸரின் மனைவி இருந்தார்.

“இருக்கட்டும் அண்ணே,” என்றார்.

உரிமையாளர் சம்மதம் இருக்கிறது. விட்டுவிட்டேன்.