பூட்டில்லாத மண்பெட்டி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிக் கட்டடத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு இறங்கும் படிக்கட்டின் மேல்முனையில் நகரசபை ஒரு பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் பரல் மண், அதில் குத்திவைத்த, மண் அள்ளும் ஒரு சின்னச் சவள். பனி உறைந்து படிகள் வழுக்கும்போது வேண்டியவர்கள் அள்ளித் தூவிக்கொள்ளலாம். அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இது விளங்கியிருந்தது. என் அப்பா மட்டும் அந்தப் பெட்டியை ஒரு பொறி என்று நினைத்தார்.

"பூட்டில்லாமல் ஒரு அரசாங்கம் பெட்டி வைக்குமோ?" என்றார். "ஆர் கை வைக்கினம் எண்டு பாக்கத்தான் வைச்சிருக்கிறாங்கள். தொட்டிடாதை பிள்ளை."

அப்பாவைப் பொறுத்தவரை அரசாங்கங்கள் எல்லாம் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். சட்டை வேறு, சுபாவம் ஒன்று. அவர் பிறந்தது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் ஒரு சின்னத் தீவில். தீவாக இருக்கும் ஒரு நாட்டில், அதற்கும் ஒரு தீவு. அங்கே ஒரு கையெழுத்து வாங்குவதென்றால் முதலில் ஊர் அதிகாரியான விதானையாரிடம் போக வேண்டும், அவர் வீட்டில் இருக்கமாட்டார். பிறகு லோஞ்சு ஏறிக் கடல் கடந்து அரசாங்கக் கந்தோருக்குப் போக வேண்டும், அங்கே ஐயா தேநீர் குடிக்கப் போயிருப்பார். வைத்தியசாலையில் கட்டில் இருக்கும், மருந்து இருக்காது. மருந்து வந்த மாதம் டொக்டர் மாற்றலாகிப் போயிருப்பார். இதையெல்லாம் அப்பா கோபத்தோடு சொல்லமாட்டார், காலநிலை சொல்வதுபோலச் சொல்வார்.

அப்போது ஊரில் போர் முடிந்து சமாதானம் வரப்போகிறது என்று ஒஸ்லோத் தமிழர் எல்லோரும் கதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லோறென்ஸ்கூக்கிலிருந்து காரில் வரும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வரவேற்பறையில் இருந்தபடியே எல்லைகளைப் பிரித்துக் கொடுப்பார். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அதெல்லாம் சரி மச்சான். விதானையார் மாறுவாரோ?"

மாமா மறுபடி எல்லைகளுக்கே திரும்பிவிடுவார்.

அந்தப் பனிக்காலத்தில் அம்மா ஆறு மாதக் கர்ப்பிணி. எனக்கும் வரப்போகும் பிள்ளைக்கும் இடையில் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்மா குனிந்தால் அப்பா எழுந்து நிற்பதை நான் கவனித்திருந்தேன். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். விடியுமுன் முதல் ரயிலைப் பிடிக்க அந்தப் படிகளில் இறங்க வேண்டும், மொத்தம் முப்பத்தொரு படி. அப்பாவுக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் பின்னேர வேலை. ஆகவே காலையில் அவரே முன்னால் போய்ப் படிகளில் உப்புத் தூவுவார். கடையில் வாங்கிய சமையல் உப்பு. நகரசபையின் மண் பெட்டி நிறைந்து கிடக்க, அதன் பக்கத்தில் நின்று, குழம்புக்குப் போடுகிற அளவில் கிள்ளிக் கிள்ளித் தூவுவார். கீழ்மாடியில் இருந்த நோர்வேஜியக் கிழவர் ஒருவர் தன் நாயோடு நின்று அதை வெகுநேரம் பார்த்ததை நான் ஜன்னலால் கண்டிருக்கிறேன். அவரைவிட நாய்தான் கூடுதலாக யோசித்ததுபோல இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையிடம் கேட்டுவந்து சொன்னேன்.

"அப்பா, அந்த மண் எல்லாருக்குமாம்."

"எல்லாருக்கும் எண்டால் ஒருத்தருக்கும் இல்லையெண்டுதான் அர்த்தம். எங்கடை ஊர் ஆசுப்பத்திரியும் எல்லாருக்கும்தான்."

எங்கள் குடியுரிமை விண்ணப்பம் வேறு பதிலுக்காகக் காத்திருந்தது. ஒரு சவள் மண்ணால் அது கெட்டுப்போகக் கூடாது என்பதில் அப்பா உறுதியாக இருந்தார்.

பிறகு ஒரு வாரம் கடும் குளிர் இறங்கியது. அவ்வளவு குளிரில் உப்பால் உறைபனி கரையாது என்பது, கடலோரத்தில் உப்போடு வளர்ந்த அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மா ஐந்தாம் படியில் வழுக்கி, அப்படியே குந்தி இருந்துவிட்டார். கைப்பிடியைப் பிடித்ததால் உருளவில்லை. மணிக்கட்டு வீங்கியது. அன்று வைத்தியசாலையில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். அப்பா அதைக் கேட்டபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறவுங்கோ. இல்லாட்டி நான் திறப்பன்."

"திறக்கிறன். முறைப்படி திறக்கிறன்."

முறைப்படி என்றால் என்னவென்று மறுநாள் விளங்கியது. அப்பா நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் அணியும் கோட்டைப் போட்டுக்கொண்டு, தமிழ்க் கடைப் பை ஒன்றோடு பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார். எனக்குப் பாதி நாள் லீவு வாங்கியிருந்தார். நாங்கள் மண்ணுக்கு அனுமதி எடுக்கப் போகிறோம் என்றும், நான்தான் கதைக்க வேண்டும் என்றும் பஸ்ஸில் சொன்னார். எங்கள் குடும்பத்தில் நான்தான் மொழி. அப்பா நாலாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதையும் தாண்டவில்லை. கடிதங்கள், மருத்துவர், வங்கி எல்லாம் என் வாய்வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அன்று இறங்கி ஓடிவிடலாமா என்று யோசித்தேன்.

கொம்மூன என்று இங்கே சொல்கிற நகரசபையின் அலுவலகத்தில் வரிசை இலக்கத் துண்டு எடுத்துவிட்டு நாற்காலிகளில் இருந்தோம். எங்களுக்குப் பிறகு விலையுயர்ந்த ஓவர்கோட் போட்ட ஒருவர் வந்தார். அவரும் துண்டு எடுத்தார், அவரும் இருந்தார். அப்பா என்னை முழங்கையால் இடித்தார்.

"பார். வெள்ளைக்காரனும் துண்டு எடுத்திட்டு இருக்கிறான்."

எங்கள் இலக்கம் வந்தது. மேசைக்குப் பின்னால், கம்பளிச் சுவெட்டர் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றியிருந்த ஒரு பெண். இருக்கச் சொன்னார். நான் இருந்தேன், அப்பா நின்றார். கந்தோரில் ஐயாமாருக்கு முன்னால் இருந்து பழக்கமில்லை. அந்தப் பெண் இரண்டாம் தடவையும் நாற்காலியைக் காட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தானும் எழுந்து நின்றுகொண்டார். நின்றபடி இரண்டு பெரியவர்கள், நடுவில் இருந்தபடி நான்.

அப்பா பையைத் திறந்து மேசையில் அடுக்கினார். கடவுச்சீட்டுகள், வதிவிட அனுமதி, வாடகை ஒப்பந்தம், அம்மாவின் மருத்துவ அட்டை, என் பள்ளிக்கூட அறிக்கை, கடைசியாகத் தன்னுடைய பாஸ்போட் அளவுப் படங்கள் நாலு.

நான் கூடியவரை சுருக்கினேன். "படிக்கட்டுப் பெட்டியில் இருக்கும் மண்ணை நாங்கள் பாவிக்கலாமா என்று அப்பா கேட்கிறார்."

"நிச்சயமாக. அதற்குத்தானே வைத்திருக்கிறோம்."

"ஓமாம் அப்பா. போவம்."

"எழுத்திலை தரச் சொல்லு."

"அப்பா..."

"கேள் பிள்ளை."

என் காதுகள் சுட்டன. பின்னால் ஓவர்கோட்காரர் இருமினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

அந்தப் பெண் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு வரிசையாக இருந்த நாலு படங்களையும் பார்த்தார். எந்தப் படிக்கட்டு, யார் அதில் போவது, அம்மாவின் கை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு தாளை எடுத்துத் தெளிவான கையெழுத்தில் எழுதத் தொடங்கினார். எவ்வளவு காலத்துக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டார்.

"இந்தப் பனிக்காலம் முடியுமட்டும் காணும் எண்டு சொல்லு. பேராசைப்படக் கூடாது."

அவர் முடிவுத் திகதி போடாமலே விட்டார். கையெழுத்து வைத்தார். தாளைத் திருப்பி அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

"சீல்," என்றார். அது மொழிபெயர்க்காமலே விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அப்பா கையை முட்டியாக மடக்கி மேசையில் ஒரு குத்துக் குத்திக் காட்டினார்.

அந்தப் பெண் மூன்று இழுப்பறைகளைத் திறந்து தேடினார். கடைசியில் ஒரு சீலைக் கண்டெடுத்து, அது காய்ந்திருந்ததால் வாயால் ஆவி ஊதி, அழுத்திப் பதித்தார். ஒரு படத்தையும் கேட்டு வாங்கி, தன்னுடைய கோப்புக்கு என்று வைத்துக்கொண்டார். அப்படி ஒரு கோப்பு அங்கே இருந்திருக்க முடியாது. இன்று நானும் அப்படி ஒரு மேசைக்குப் பின்னால்தான் வேலை செய்கிறேன், அதனால் எனக்குத் தெரியும். வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது, தேவையே இல்லாத ஒரு கடிதத்துக்காகப் பத்து நிமிடம் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடை என்பதும் தெரியும். அவருடைய பெயரைப் பார்த்து வைக்கவில்லையே என்று பலமுறை வருந்தியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் அப்பா பெட்டியின் மூடியைத் திறந்து முப்பத்தொரு படிக்கும் மண் போட்டார். அம்மா போகாத ஓரங்களுக்கும் போட்டார். நாயோடு வந்த கிழவர் நன்றி சொன்னபோது, அப்பா உடனே சட்டைப் பையில் கை விட்டுக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். கிழவர் அதை முழுவதும் வாசித்துவிட்டு, தொப்பியை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் அம்மா கதையைச் சொல்லிச் சிரித்தார். மாமா சோபாவில் சரிந்து விழுந்தார்.

"அத்தான், அப்ப மூச்சு விடுறதுக்கும் பெர்மிட் எடுத்தனீங்களோ? காத்தும் கொம்மூனவின்ரை எல்லோ!"

அப்பா கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார். மாமா சிரித்தபடியே வாசிக்கத் தொடங்கினார். சீல் இருந்த இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தாளைக் கவனமாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல காரியம் அத்தான்," என்றார். அன்று அவர் எல்லை எதையும் பிரிக்கவில்லை. பெரியவர்களுக்குப் பகிடி சீக்கிரம் அலுத்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் தம்பி பிறந்தான், சுகமாக.

அப்பாவும் மாமாவும் ஒரே தீவு. மாமாவுக்குத் தெரிந்த கதை எனக்குத் தெரியப் பத்து வருடம் ஆனது. பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று, தேநீர் ஊற்றியபடி அம்மா சொன்னார். அப்பாவின் தகப்பன், அப்பப்பாவிடம் ஒரு மாட்டுவண்டில் இருந்ததாம், குடும்பத்தின் சீவியமே அதுதானாம். தீவில் ஒரு வீட்டுச் சுவருக்குக் கடற்கரை மண் ஏற்றப் போனபோது, அனுமதிப் பத்திரம் இல்லையென்று பொலிஸார் வண்டிலையும் மாடுகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அனுமதிக்கு அவர் முன்னமே விண்ணப்பித்திருந்தார். அது கந்தோருக்குக் கிடைத்தது என்று நிரூபித்தால் வண்டில் வரும். அப்பப்பாவுக்குக் கந்தோரில் கதைக்கப் பயம். ஆகவே வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆளான நாலாம் வகுப்புப் பையனைக் கிழமைக்குக் கிழமை லோஞ்சில் அனுப்பினார்கள். அவன் போய் மேசைக்கு முன்னால் நிற்பான். "உங்கடை விண்ணப்பம் இஞ்சை வந்து சேரேல்லை" என்பார்கள். திரும்பி வருவான். அப்படியே ஒரு வருடம் போனது. பள்ளிக்கூடத்தில் அவனுடைய பெயரை வெட்டிவிட்டார்கள். மாடுகள் பொலிஸ் வளவில் செத்துப்போன பிறகு, தபாலில் அனுமதிப் பத்திரம் வந்தது. முறைப்படி, கையெழுத்தோடு, சீலோடு.

அதைக் கேட்டபோது எனக்கு அலுவலகமோ படிக்கட்டோ நினைவுக்கு வரவில்லை. அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய அந்த பஸ்தான் வந்தது. அப்பா கடிதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தமிழில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொருமுறை என்றார். வாசித்தேன்.

"சீலிலை என்ன போட்டிருக்கு?"

நான் உற்றுப் பார்த்தேன். அது அனுமதிச் சீலே அல்ல. வருகிற தபாலில் எல்லாம் குத்தும் சாதாரண சீல், திகதியோடு. அந்தப் பெண்ணின் கைக்கு அகப்பட்டது அதுதான் போலும்.

"பெறப்பட்டது எண்டு போட்டிருக்கு. அவ மாறிக் குத்திட்டா அப்பா. திரும்பிப் போய்ச் சொல்லுவமோ?"

அப்பா சீலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பனி குவிந்த வீடுகள் போய்க்கொண்டிருந்தன.

"வேண்டாம்," என்றார் பிறகு. "அந்தச் சொல்லைத் திருப்பி ஒருக்கா வாசி."

முன் ஆசனத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. குரலை நன்றாகத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தேன்.