மண் என்று நான் சொன்ன தட்டுகள்

அக்கா இறந்த பதினாறாம் நாள் காலை மட்டாஞ்சேரி வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: பெரிய மாமா, மாமி, என் கணவர், நான். வேறு யாரும் இல்லை. ஆளாளுக்கு ஒரு கதை சொல்வதால் அக்காவின் இந்த முதலாண்டு நினைவு மலரில் நானே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுக்கவும். கோபத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அக்கா பொள்ளாச்சியில் பிறந்தவர். அப்பா இங்கே மிளகுக் கிடங்கில் சுமை தூக்க வந்தபோது கூடவே வந்தார். அப்பா போன பிறகு பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் தூசி துடைத்து என்னைக் கட்டிக்கொடுத்தார். தாம் கட்டிக்கொள்ளவில்லை. தமக்கென்று அவர் ஆசைப்பட்டது, அந்தக் கடைக்கு வரும் பிரான்ஸ் நாட்டுப் பழைய தட்டுகளுக்கு மட்டும்தான். சுட்ட களிமண், மேலே வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு, அதில் கையால் வரைந்த பூ. விளிம்பு உடைந்தவற்றைக் கடை முதலாளி, நாங்கள் சேட்டன் என்று கூப்பிடுபவர், விலை குறைத்துக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். இருபது வருடத்தில் எட்டுத் தட்டுகள். ஒன்பதாவது சேவல் போட்டது. அது மட்டும் முழுசு, தவணையில் வாங்கினார். படுக்கையில் விழுந்த பிறகு அதை எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னார்.

"நான் போனாலும் இதுங்க சுவர விட்டு எறங்கக் கூடாதுடீ."

இறக்கியது நான்தான். பதினாறுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. ஏணி இடிக்குமோ, ஆணி நழுவுமோ என்று பயந்து, ஒன்பதையும் எடுத்து அடுக்களையில் மீன்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தீட்டுக் கழிய மண்பாத்திரத்தை உடைத்துப் போடுவது எங்கள் வழக்கம். பாத்திரம் உலோகமோ பீங்கானோ என்றால் கழுவினால் போதும். மாமா ஒரு தட்டைத் தூக்கிக் கேட்டார்: "ஏண்டீ, இது பீங்கானா, மண்ணா?"

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா நூறு தடவை சொல்லித் தந்தது வாயில் வந்துவிட்டது. "பீங்கான் இல்ல மாமா, மண்ணுதான். விளிம்புல பாருங்க, மண்ணு தெரியும்."

துவைகல்லில் சத்தம் கேட்டுத்தான் கொல்லைக்கு ஓடினேன். எட்டும் சில்லாகக் கிடந்தன, சேவல் மட்டும் மாமா கையில்.

"மாமா! அது பிரான்ஸ் தட்டு!"

"பிரான்சுக்கும் தீட்டு உண்டு. மண்ணுன்னு நீதானேடீ சொன்ன?"

"உடைசல் தட்டுக்கா இந்த அழுகை? எவர்சில்வர்ல ஒரு டஜன் வாங்கித் தர்றேன்" என்றார் மாமி.

"சேவலையாவது குடுங்க மாமா, அக்கா கடைசி வரைக்கும் பாத்துட்டு இருந்தது" என்று கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதையும் கல்லில் போட்டார். என் கணவர் மாமா கைகழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அதுவும் இங்கே இருக்கட்டும்.

எட்டை அறியாமல் உடைத்தார் என்று விடலாம். ஒன்பதாவதை அறிந்தே உடைத்தார். இந்த மலர் மாமா கைக்கும் போகும். படிக்கட்டும்.

அக்காவைக் கடைசி மூன்று மாதம் முகம் சுளிக்காமல் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு நன்றி. அன்று மாலை வந்து, குந்தி உட்கார்ந்து, சில்லுகளை அரிசிச் சாக்கில் பொறுக்கித் தந்த கடைச் சேட்டனுக்கு நன்றி. "சேவல் தட்டு பாக்கி வேண்டா மோளே, ஞான் கணக்குல வெட்டிக்களயாம்" என்றார். வெட்ட வேண்டாம் என்றேன். வெட்டினால் அக்கா அதை வாங்கவே இல்லை என்று ஆகிவிடும். மாதம் இருநூறு கட்டி வருகிறேன். இன்னும் பாக்கி நாலாயிரத்து இருநூறு ரூபாய்.